எவரெஸ்ட் பேஸ் கேம்ப் போறீங்களா? 12 நாள் மலை நடைக்கு 7 கிலோ பை போதும்... எதை எடுக்கணும், எதை விடணும்? - முழு விவரம்

எவரெஸ்ட் சிகரத்தை ஏறுறது எல்லாராலும் முடியாது. ஆனா அதன் அடிவாரமான பேஸ் கேம்ப் வரைக்கும் நடந்து போய்ட்டு வர்றது, உடல்நலம் சரியா இருக்குற சாதாரண ஆட்களாலும் முடியும். கயிறு கட்டி ஏறும் அனுபவமெல்லாம் தேவையில்லை. அதனாலதான் தமிழ்நாட்டுல இருந்தும் ஐடி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், ஓய்வு பெற்றவர்கள்னு பலரும் இந்தப் பயணத்துக்குக் கிளம்புறாங்க.

கிளம்பும்போது எல்லாருக்கும் வர்ற முதல் கேள்வி, 'பைல என்ன வைக்கிறது?' என்பதுதான். குளிருமேன்னு 3 ஸ்வெட்டர், பசிக்குமேன்னு 2 கிலோ நொறுக்குத்தீனி, எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு ஜீன்ஸ். இப்படிச் சேர்த்துக்கிட்டே போனா பை 15 கிலோவைத் தாண்டிடும். ஒவ்வொண்ணும் மயிலிறகு மாதிரிதான் தெரியும். ஆனா மொத்தமா ஏத்தினா அச்சு ஒடிஞ்சிடும்.

எடையை எப்படிக் குறைக்கலாம்? எதைக் குறைக்கவே கூடாது? நாட்களை எப்படித் திட்டமிடணும்? விரிவாகப் பார்க்கலாம்.

பாதை எப்படி இருக்கும்?

நேபாளத் தலைநகர் காத்மாண்டுவில் இருந்து சிறிய விமானத்தில் லுக்லா போகணும். சுமார் அரை மணி நேரப் பயணம். சீசன் நேரத்தில் இந்த விமானங்கள் பெரும்பாலும் காத்மாண்டுவில் இருந்து கிளம்பாமல், சாலை வழியாக 4 முதல் 5 மணி நேரம் தள்ளியிருக்கும் ராமேசாப் என்ற இடத்தில் இருந்து கிளம்பும். இதை முன்னாடியே கேட்டு வச்சுக்குங்க.

லுக்லாவில் இருக்கும் டென்சிங் - ஹிலாரி விமான நிலையத்தின் உயரம் சுமார் 2,845 மீட்டர். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். அதாவது, நம்ம ஊர்ல ஏறக்கூடிய அதிகபட்ச உயரத்தைத் தாண்டின இடத்துலதான் இந்த நடையே தொடங்குது. கொடைக்கானல், ஊட்டி அனுபவத்தை வச்சு இதைக் கணக்குப் போடக்கூடாது.

பொதுவாகப் பின்பற்றப்படும் 12 நாள் திட்டம் இதுதான்:

நாள் 1: லுக்லா - பாக்டிங் (2,610 மீட்டர்)
நாள் 2: நாம்சே பஜார் (3,440 மீட்டர்)
நாள் 3: நாம்சேயிலேயே தங்கல்
நாள் 4: தெங்போச்சே (3,860 மீட்டர்)
நாள் 5: டிங்போச்சே (4,410 மீட்டர்)
நாள் 6: டிங்போச்சேயிலேயே தங்கல்
நாள் 7: லோபுச்சே (4,900 மீட்டருக்கும் மேல்)
நாள் 8: கோரக் ஷெப் (5,164 மீட்டர்), அங்கிருந்து பேஸ் கேம்ப் (5,364 மீட்டர்) போய்த் திரும்புதல்
நாள் 9: அதிகாலையில் காலா பத்தர், பிறகு பெரிச்சே வரை இறக்கம்
நாள் 10: நாம்சே
நாள் 11: லுக்லா
நாள் 12: காத்மாண்டு திரும்புதல்

போக வர மொத்தம் சுமார் 130 கிலோமீட்டர். மலைப்பாதையில் ஒரு அடிக்கு 65 சென்டிமீட்டர்னு வச்சுக்கிட்டா, கிட்டத்தட்ட 2 லட்சம் அடி. பையில் ஒரு கிலோ கூடுதலா இருந்தா, அந்த ஒரு கிலோவை 2 லட்சம் தடவை தூக்கி வைக்கிறீங்கன்னு அர்த்தம்.

இன்னொரு விஷயம். பேஸ் கேம்பில் நின்னு பார்த்தா எவரெஸ்ட் உச்சி தெரியாது. பக்கத்து மலைகள் மறைச்சிடும். உச்சியை நல்லா பார்க்கணும்னா 5,500 மீட்டருக்கு மேல் இருக்கும் காலா பத்தர் மேட்டுக்கு ஏறணும். அதனால 9-ம் நாளைக்குன்னு கொஞ்சம் தெம்பை மிச்சம் வைக்கணும்.

எடை ஏன் இவ்வளவு முக்கியம்?

பேஸ் கேம்ப் உயரத்தில் காற்றழுத்தம், கடல் மட்டத்தில் இருப்பதில் கிட்டத்தட்ட பாதிதான். காற்றில் ஆக்சிஜனின் விகிதம் மாறாது. ஆனா அழுத்தம் குறையுறதால ஒவ்வொரு மூச்சுக்கும் நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் பாதியாகிடும். சென்னையில் 12 கிலோ பையை மாட்டிக்கிட்டு ரெண்டு மாடி ஏறுறவர், அங்கே அதே பையோட பத்து அடி வச்சுட்டு நின்னு மூச்சு வாங்குவார்.

பை கனமா இருந்தா நடை மெதுவாகும். சாயங்காலம் லாட்ஜுக்குப் போய்ச் சேர லேட் ஆகும். களைப்புல சாப்பாடு இறங்காது, தண்ணி குடிக்கத் தோணாது. இறங்கும்போது முழங்கால் அடி வாங்கும். இது ஒவ்வொண்ணும் அடுத்த நாளைப் பாதிக்கும்.

எவ்வளவு தூக்கலாம்? பல நாள் நடைக்குப் பொதுவாக உடல் எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொல்வாங்க. இவ்வளவு உயரத்துக்கு 15 சதவீதத்துக்குள் வச்சுக்கிறது நல்லது. 65 கிலோ எடையுள்ளவர்னா, தண்ணியோட சேர்த்து 10 கிலோவுக்குள்ள.

லுக்லா விமானமும் ஒரு காரணம். பெரும்பாலும் கைப்பை உட்பட ஒருவருக்கு 15 கிலோதான் அனுமதி.

'பேஸ் வெயிட்' என்றால் என்ன?

எடை குறைச்சு நடக்குறவங்க பயன்படுத்தும் முக்கியமான வார்த்தை இது. தண்ணி, உணவு, எரிபொருள் மாதிரி தீர்ந்துபோகும் பொருட்களையும், உடம்புல போட்டிருக்கும் உடையையும் கழிச்சிட்டு, பையும் பைக்குள்ள இருக்கும் பொருட்களும் எவ்வளவு எடையோ அதுதான் பேஸ் வெயிட். இது சுமார் 9 கிலோவுக்குள் இருந்தா 'லைட்வெயிட்', 4.5 கிலோவுக்குள் இருந்தா 'அல்ட்ராலைட்'.

இந்தச் சிந்தனை அமெரிக்காவின் நீண்ட நடைபாதைகளில் வளர்ந்தது. 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, 3,000 கிலோமீட்டருக்கும் நீளமான அப்பலாச்சியன் பாதையைத் தனியாக நடந்து முடிச்சார். 11 பிள்ளைகளைப் பெற்றவர். அவர்கிட்ட டென்டும் இல்லை, ஸ்லீப்பிங் பேக்கும் இல்லை. தானே தைத்த ஒரு துணிப்பை, போர்வை, மழைக்குக் குளியலறைத் திரை பிளாஸ்டிக், காலில் கேன்வாஸ் ஷூ. அவ்வளவுதான். 1990-களில் ரே ஜார்டின் என்பவர் எழுதிய கையேடுகள் மூலமாக இது ஒரு முறையாகவே பரவியது.

ஆனா பாட்டி நடந்தது அதிகபட்சமே சுமார் 2,000 மீட்டர் உயரமுள்ள பாதையில். இமயமலையில் அதை அப்படியே செய்யக்கூடாது. இங்கே 7 கிலோ பேஸ் வெயிட் என்பது நியாயமான இலக்கு.

7 கிலோவில் எப்படி அடக்குறது?

எவரெஸ்ட் பாதையில் ஒரு பெரிய வசதி இருக்கு. வழி முழுக்க 'டீ ஹவுஸ்' எனப்படும் லாட்ஜ்கள் உண்டு. கட்டில், மெத்தை, சாப்பாடு கிடைக்கும். அதனால டென்ட், தரைப்பாய், அடுப்பு, பாத்திரம், அரிசி எதுவுமே வேண்டாம்.

மாதிரிக் கணக்கு ஒண்ணு பார்க்கலாம்:

* 40 - 45 லிட்டர் பை, மழை உறையோட: 1,200 கிராம்
* மைனஸ் 10 டிகிரி தாங்கும் டவுன் ஸ்லீப்பிங் பேக்: 1,100 கிராம்
* டவுன் ஜாக்கெட், ஃப்ளீஸ், மழை ஜாக்கெட், மழை பேன்ட்: 1,300 கிராம்
* தெர்மல் ஒரு செட், மாற்று பேன்ட் 1, மாற்று டி-ஷர்ட் 1, சாக்ஸ், உள்ளாடை: 1,200 கிராம்
* கம்பளித் தொப்பி, கழுத்துத்துணி, மெல்லிசும் தடிமனுமா ரெண்டு ஜோடி கையுறை, லாட்ஜில் போட செருப்பு: 550 கிராம்
* மருந்து, பல்துலக்கும் சாமான், சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ்: 750 கிராம்
* ஹெட்லேம்ப், பவர் பேங்க், சார்ஜர்: 440 கிராம்
* ரெண்டு காலி பாட்டில், ஆவணங்கள், பிளாஸ்டிக் உறைகள்: 450 கிராம்

மொத்தம்: 6,990 கிராம். இதோட 2 லிட்டர் தண்ணி 2 கிலோ, நொறுக்குத்தீனி அரை கிலோ. முதுகில் ஏறுவது சுமார் 9.5 கிலோ. 65 கிலோ ஆளுக்கான கணக்குக்குள்ள வந்துடுச்சு பாருங்க.

இது எல்லாருக்கும் அப்படியே பொருந்தும்னு இல்லை. சீக்கிரம் குளிர் எடுக்கிறவங்க, கேமரா கொண்டு போறவங்க, மாத்திரை அதிகம் எடுக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கூடும். ஆனா கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே, தேவையில்லாத எடை எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சிடும்.

எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

சோப்பை வெட்டி, பிரஷ் காம்பை உடைச்சு 20 கிராம் குறைக்கிறதுல பெருசா பலன் இல்லை. முதலில் பெரிய சாமான்களைப் பாருங்க. பை, படுக்கை, ஜாக்கெட். கடைகளில் கிடைக்கும் 70 லிட்டர் பைகள் சில காலியாவே 2.5 கிலோ இருக்கும். அதுலயே ஒரு கிலோவுக்கு மேல போச்சு.

முக்கியமான டிப்ஸ்: பையைக் கடைசியா வாங்குங்க. முதலில் பொருட்களைச் சேர்த்து, ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கிப் பார்த்து, அது எத்தனை லிட்டர்னு தெரிஞ்ச பிறகு பை வாங்குங்க. பெரிய பையை முதலில் வாங்கினா, காலியா இருக்கும் இடத்தை நிரப்பத்தான் கை போகும்.

அப்புறம் ஒரு எடைக்கருவி. சமையலறைத் தராசு போதும். ஒவ்வொண்ணையும் எடை போட்டு மூணு குவியலா பிரிங்க.

1. இல்லாட்டி உயிருக்கு ஆபத்து
2. இல்லாட்டி கஷ்டம்
3. 'எதுக்கும் இருக்கட்டும்'

மூணாவது குவியலை அப்படியே வீட்டில் விட்டுடுங்க. ரெண்டாவதுல பாதியை எடுங்க. முதல் குவியலில் கை வைக்காதீங்க.

உடை: ரெண்டே செட் போதுமா?

போதும். நடக்க ஒரு செட், தூங்க ஒரு செட். நடக்கும் உடை வியர்வையில் நனையும், மழையில் நனையும், பரவாயில்லை. தூங்கும் உடை எப்பவும் காய்ஞ்சே இருக்கணும். எவ்வளவு ஆசையா இருந்தாலும் அதைப் போட்டுக்கிட்டு நடக்கக்கூடாது. ராத்திரி குளிரில் நம்மைக் காப்பாத்துறது அந்த உலர்ந்த செட்தான். அதை பிளாஸ்டிக் உறைக்குள்ள போட்டு வைங்க.

நம்ம ஊர் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு, பருத்தி உடை. சென்னை வெயிலுக்கு காட்டன் அருமை. ஆனா மலையில் அது வியர்வையை உறிஞ்சி, ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். நடையை நிறுத்தினதும் அந்த ஈரமே உடம்புச் சூட்டை இழுத்துடும். காட்டன் பனியன், ஜீன்ஸ் ரெண்டுமே வேண்டாம். சிந்தெட்டிக் அல்லது மெரினோ கம்பளி உடைதான் சரி.

ஒரே தடிமனான ஸ்வெட்டரைவிட மெல்லிசா மூணு அடுக்கு நல்லது. உள்ளே வியர்வையை வெளியேத்தும் அடுக்கு, நடுவில் சூடு பிடிக்கும் ஃப்ளீஸ், மேலே காத்தையும் மழையையும் தடுக்கும் ஜாக்கெட். ஏறும்போது கழட்டு, நின்னதும் போடு. டவுன் ஜாக்கெட் நடக்கும்போது போட அல்ல, நிக்கும்போது போட.

டர்க்கி டவல் எடுக்காதீங்க, அரை கிலோ இருக்கும். நம்ம மெல்லிய ஈரிழைத் துண்டு ஒண்ணு போதும். குளியலைப் பற்றிப் பெருசா கவலைப்பட வேண்டாம். நாம்சேக்கு மேலே பெரும்பாலும் ஈரத் துணியால் துடைச்சுக்கிறதுதான் குளியல்.

ஷூ புதுசா வாங்கினா, கிளம்புறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே போட்டு நடந்து பழகுங்க. சாக்ஸோட போட்டா முன்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கணும். இல்லாட்டி இறக்கத்தில் கால் நகம் கருத்துடும்.

சாப்பாடு, தண்ணி?

வழி முழுக்க தால் பாத் கிடைக்கும். சோறு, பருப்பு, காய், அப்பளம். பெரும்பாலான லாட்ஜ்களில் சோறும் பருப்பும் திரும்பக் கேட்டால் போடுவாங்க. மேலே போகப் போக விலை ஏறும். ஏன்னா பெரும்பாலான பொருட்கள் மனுஷ முதுகிலோ, கழுதை, யாக் முதுகிலோ ஏறி வந்தவை. இறைச்சியும் அப்படித்தான், கீழே இருந்து சுமந்து வர நாளாகும். அதனால நாம்சேக்கு மேலே சைவமே பாதுகாப்பு.

வீட்டில் இருந்து என்ன கொண்டு போகலாம்? நாளைக்கு ரெண்டு கடலை மிட்டாய், கொஞ்சம் பருப்புப் பொடி, ஓ.ஆர்.எஸ் பாக்கெட். உயரத்தில் வாய்க்கு ருசி இருக்காது. அந்த நேரத்தில் 150 கிராம் பருப்புப் பொடி செய்யும் வேலையை 2 கிலோ சிப்ஸ் செய்யாது.

தண்ணி பாட்டில் விலைக்கு வாங்குறதைத் தவிருங்க. கும்பு பகுதியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் உள்ளூர் நிர்வாகத்தின் தடை இருக்கு. குளோரின் மாத்திரை எடையே இல்லாதது. போட்டு அரை மணி நேரம் காத்திருந்து குடிக்கலாம், தண்ணி ரொம்ப சில்லுனு இருந்தா இன்னும் கொஞ்ச நேரம். ஃபில்டர் கொண்டு போறவங்க ஒண்ணு கவனிக்கணும். உள்ளே இருக்கும் ஈரம் உறைஞ்சா ஃபில்டர் வெடிச்சுக் கெட்டுடும், வெளியே பார்த்தா தெரியாது. ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள வச்சுக்குங்க. பவர் பேங்க், போனும் அப்படித்தான். குளிரில் பேட்டரி வேகமா இறங்கும். பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் வைக்கணும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எதைக் குறைக்கவே கூடாது?

எடை குறைக்கும் ஆர்வத்தில் சிலர் தேவையானதையும் விட்டுடறாங்க. இந்த 6 பொருட்களில் சமரசமே வேண்டாம்.

* மழை ஜாக்கெட்: வானம் தெளிவா இருந்தாலும் பையின் மேல்பக்கத்திலேயே இருக்கணும்.
* டவுன் ஜாக்கெட், ஸ்லீப்பிங் பேக்: கோரக் ஷெப்பில் அக்டோபர், நவம்பர் ராத்திரியில் மைனஸ் 10-க்கும் கீழே போகலாம். அறைகளில் ஹீட்டர் இருக்காது. கூட்டம் அதிகமா இருந்தா கம்பளி கிடைக்கும்னும் நம்ப முடியாது.
* ஹெட்லேம்ப்: போன் டார்ச் மாற்று கிடையாது.
* மருந்து: வழக்கமா சாப்பிடும் மாத்திரைகள் சில நாளுக்குக் கூடுதலா. பாராசிட்டமால், வயிற்றுப்போக்குக்கு மருந்து, கொப்புளத்துக்கு பிளாஸ்டர்.
* கூலிங் கிளாஸ்: பனியில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும். இது ஸ்டைலுக்கு இல்லை.
* ரொக்கம்: நாம்சேக்கு மேலே ஏ.டி.எம்-மை நம்ப முடியாது. ஒரு இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையான மாற்று விகிதம்.

டவுன் ஜாக்கெட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் விலை அதிகமாச்சேன்னு மட்டமானதை வாங்கிடாதீங்க. காத்மாண்டுவின் தமேல் பகுதியில் ரெண்டுமே வாடகைக்குக் கிடைக்கும். வாடகைக்கு எடுக்கும்போது விரிச்சுப் பார்த்து, ஜிப் சரியா ஓடுதான்னு பார்த்து வாங்குங்க.

எடையைக் குறையுங்க... நாளைக் குறைக்காதீங்க!

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா, அது இதுதான்.

பை லேசா இருந்தா வேகமா நடக்க முடியும். 'நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு நாம்சேயில் ஒருநாள் வீணா உக்காரணும்?' என்று தோணும். அங்கேதான் ஆபத்து. உயரநோய்க்கும் உடல் பலத்துக்கும் சம்பந்தமில்லை. தினமும் 10 கிலோமீட்டர் ஓடுறவருக்கும் வரும். வேகமா ஏறுறவங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும்.

3,000 மீட்டருக்கு மேல், ராத்திரி தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. 3, 4 நாளைக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு ராத்திரி தங்கணும். மலை மருத்துவ நிபுணர்கள் சொல்லும் அடிப்படை விதி இது. மேலே இருக்கும் திட்டத்தில் நாம்சேயிலும் டிங்போச்சேயிலும் ரெண்டு ராத்திரி வச்சிருப்பது இதுக்காகத்தான். அந்த நாட்களில் சும்மா படுக்காமல், கொஞ்சம் உயரம் ஏறி இறங்கி வந்து தூங்கினால் உடம்பு சீக்கிரம் பழகும்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல், தூக்கமின்மை - இவை உயரநோயின் ஆரம்ப அறிகுறிகள். வந்தால் மேலே ஏறக்கூடாது. அங்கேயே தங்கணும். குறையலைன்னா இறங்கணும்.

சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சுத் திணறுது, இருமல் விடலை, பேச்சு குழறுது, நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுது - இதெல்லாம் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்திருப்பதன் அடையாளம். ராத்திரியா இருந்தாலும் உடனே இறக்கணும். காலையில் பார்த்துக்கலாம்னு விட்டால் உயிருக்கே ஆபத்து. பெரிச்சேயில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் அமைப்பின் மருத்துவ மையம் சீசன் மாதங்களில் இயங்கும். உயரநோய் பற்றி அங்கே மருத்துவர்கள் நடத்தும் விளக்கக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் உக்காரலாம்.

டயாமாக்ஸ் மாத்திரை எடுக்கலாமா என்பதைக் கிளம்பும் முன்பே உங்க டாக்டரிடம் கேளுங்க. சல்பா மருந்து அலர்ஜி உள்ளவங்க இதைக் கட்டாயம் சொல்லணும். மாத்திரை போட்டாச்சுன்னு வேகமா ஏறக்கூடாது.

லுக்லா விமானங்கள் வானிலையால் அடிக்கடி ரத்தாகும். அதனால 12 நாளோட குறைந்தது 2 நாள் கூடுதலா வச்சு, அதுக்குப் பிறகு ஊருக்குத் திரும்பும் டிக்கெட் போடுங்க. டிக்கெட் நெருக்கடியில்தான் பலரும் ஓய்வு நாளைத் தியாகம் பண்றாங்க.

போர்ட்டர் இருக்காரே, நான் ஏன் எடையைப் பார்க்கணும்?

நியாயமான கேள்விதான். போர்ட்டர் வச்சுக்கிறதுல தப்பே இல்லை. அது அந்தப் பகுதி மக்களுக்கு வருமானம். பெரும்பாலும் ரெண்டு பேருக்கு ஒரு போர்ட்டர் என்று ஏற்பாடு செய்வாங்க. ரெண்டு பேரும் 18 கிலோ கொடுத்தா, அவர் முதுகில் ஏறுவது 36 கிலோ. அதோட அவருடைய சொந்தப் பொருட்கள் வேற.

1997-ல் ஒரு இளம் நேபாள போர்ட்டர் உயரநோயால் இறந்ததைத் தொடர்ந்து தொடங்கப்பட்ட சர்வதேச போர்ட்டர் பாதுகாப்புக் குழு, நேபாளத்தில் ஒரு போர்ட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் கூடாதுன்னு சொல்லுது. சுமை தூக்குறவங்கள்ல பலர் கீழ் மலைகளில் இருந்து வரும் ராய், தமாங் போன்ற சமூகத்தினர். அவங்களுக்கும் உயரநோய் வரும். 'ஷெர்பா' என்பது ஒரு இனத்தின் பெயர், சுமை தூக்கும் வேலையின் பெயர் இல்லை.

ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன் மூணு கேள்வி கேளுங்க. போர்ட்டருக்குக் காப்பீடு இருக்கா? அவருக்குக் குளிர் உடை, ஷூ இருக்கா? ராத்திரி எங்கே தங்குவார்? நேரடியா பதில் வரலைன்னா வேற ஏஜென்சி பாருங்க. நீங்க ஆளுக்கு 7 கிலோவில் முடிச்சா, அவர் முதுகில் 14 கிலோதான். உங்க முதுகும் தப்பிக்கும், அவர் முதுகும் தப்பிக்கும்.

என்னென்ன ஆவணங்கள் வேண்டும்?

இந்தியர்களுக்கு நேபாள விசா தேவையில்லை. விமானத்தில் போக பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டை வேண்டும். 15 வயதுக்கு மேல் 65 வயதுக்குள் இருப்பவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. இதைத் தெரியாமல் விமான நிலையத்திலேயே திரும்ப வேண்டியிருக்கும்.

சாகர்மாதா தேசியப் பூங்கா அனுமதி, கும்பு பாசாங் லாமு ஊராட்சி அனுமதி - இந்த ரெண்டும் தேவை. பூங்காக் கட்டணத்தில் சார்க் நாட்டினருக்குச் சலுகை உண்டு. கட்டணங்கள் மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துடுங்க. பயணக் காப்பீடு எடுக்கும்போது, 6,000 மீட்டர் உயரம் வரை ஹெலிகாப்டர் மீட்புக்குப் பணம் தருமா என்று எழுத்தில் உறுதி செய்யுங்க. சாதாரண டிராவல் பாலிசிகள் பலவற்றில் இது இருக்காது.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்த மாதம் போகலாம்?
மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. ஜூன் முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை மழைக்காலம்.

டென்ட் தூக்கிப் போகும் டிரெக்கிங்குக்கும் இதே கணக்கா?
இல்லை. காஷ்மீர் கிரேட் லேக்ஸ் மாதிரி லாட்ஜ் இல்லாத பாதைகளில் டென்ட், தரைப்பாய், அடுப்பு எல்லாம் சேரும். உணவே ஒரு நாளைக்கு ஒருவருக்கு 600 முதல் 800 கிராம் வரும். டென்ட்டை ரெண்டு பேர் பிரிச்சுத் தூக்குறது, ஒரே அடுப்பைக் குழுவா பயன்படுத்துறதுன்னு குறைக்கணும். கேஸ் சிலிண்டரை விமானத்தில் கொண்டு போக முடியாது, போற ஊரில்தான் வாங்கணும்.

பையை எப்படி அடுக்கணும்?
ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமான பொருட்கள் நடுவில், முதுகை ஒட்டி. மழை ஜாக்கெட், நொறுக்குத்தீனி மேலே. எடை தோளில் இல்லாமல் இடுப்புப் பட்டையில் உட்காரணும்.

எவ்வளவு நாள் பயிற்சி வேண்டும்?
குறைந்தது 2, 3 மாதம். ஜிம் இல்லாட்டியும் பரவாயில்லை, அபார்ட்மென்ட் படிக்கட்டு போதும். முதலில் வெறும் கையோடு, பிறகு தண்ணி பாட்டில்களைப் பையில் போட்டு 5 கிலோ, 7 கிலோ, 9 கிலோன்னு கூட்டுங்க. ஏறுறதைப் போலவே இறங்கிப் பழகுறதும் முக்கியம். வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் இருக்கு. முறைப்படி பதிவு செஞ்சு, பேஸ் கேம்புக்குக் கொண்டு போகப்போற அதே பை, அதே ஷூவோட ஒரு நாள் நடந்து பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பையைத் திறந்து, அன்னைக்குத் தொடவே தொடாத பொருள் எதுன்னு பாருங்க. மழை ஜாக்கெட், மருந்து, ஹெட்லேம்ப் தவிர மத்ததை எல்லாம் வெளியே எடுத்து வச்சிடலாம்.